ஒரே கப், வேறு வேறு எடை: ராகி மாவு பேக்கிங்கில் அளவு பிசகும்போது

பையில் அச்சிட்டிருப்பது 500 கிராம். எடை மிஷினில் வைத்தால் முதல் பை 494, அடுத்தது 511, அதற்கடுத்தது 488. கப்பை யாரும் தொடவில்லை. மிஷின்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கப் அளப்பது இடத்தை, எடையை அல்ல. அந்த இடத்துக்குள் எவ்வளவு மாவு அடங்கும் என்பதை மாவுதான் தீர்மானிக்கிறது. அரைத்த சூடு, ஈரம், சல்லடை, மூட்டை அடுக்கி வைத்த விதம், பக்கத்தில் ஓடும் மில்லின் அதிர்வு எல்லாமே அதில் கை வைக்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ராகி மாவு, முளைகட்டிய ராகி மாவு, சத்துமாவு போடும் மகளிர் குழுக்களிலும் சிறு மில்களிலும் மூன்று விதமாக அளப்பதைப் பார்க்கலாம். கையால் கப்பில் அள்ளுவது ஒன்று. சுற்றும் தட்டில் நான்கு அல்லது ஆறு கப் பொருத்திய மிஷின் இரண்டாவது. திருகு சுழன்று மாவைக் கீழே தள்ளும் ஆகர் மிஷின் மூன்றாவது. மூன்றும் கொள்ளளவு முறைதான். படியில் அளந்து பழகிய ஊருக்கு இது புதிதல்ல. தலை தட்டிய படிக்கும் குலுக்கி அளந்த படிக்கும் உள்ள வித்தியாசம் நம் பாட்டிமாருக்குத் தெரியும். அதே வித்தியாசம்தான் இன்று பையில் கிராமாகத் தெரிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் மாவு தளர்வாக விழும்போது ஒரு லிட்டருக்கு 640 கிராம் நிற்கிறது என்று வையுங்கள். 500 கிராமுக்கு 781 மில்லி கப் வேண்டும். மாவு கொஞ்சம் அமுங்கி லிட்டருக்கு 680 ஆனால் அதே கப் 531 கிராம் தரும். புதிதாக அரைத்துக் காற்றோடு பொங்கி 600 ஆனால் 469 கிராம்தான். இரண்டு நிலையும் ஒரே நாளில், ஒரே மில்லில் வரக்கூடியவை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2011 ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் எடையளவு விதிகளின்படி 500 கிராம் பையில் அதிகபட்சம் அனுமதிக்கப்படும் குறைவு 15 கிராம். ஒரு கிலோ பைக்கும் அதே 15 கிராம்தான். 250 கிராமுக்கு 9, 200 கிராமுக்கு 9, 100 கிராமுக்கு 4.5. இதைப் படித்துவிட்டு 486 போட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கக் கூடாது. எடுத்துப் பார்க்கும் பைகளின் சராசரி அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது என்பதும் விதிதான். தனிப் பைக்கு ஒரு வரம்பு, சராசரிக்கு ஒரு வரம்பு. இரண்டிலும் தேற வேண்டும்.

முதல் வேலை: 30 பை, வரிசையாக

எந்தக் கோளாறானாலும் இதைச் செய்யாமல் அளவை மாற்றும் திருகைத் தொடாதீர்கள். மிஷின் வழக்கமான வேகத்தில் ஓடட்டும். தொடர்ச்சியாக 30 பை எடுங்கள். நடுவில் ஒன்றைக்கூட ஒதுக்கக் கூடாது. காலிப் பை 10 எடுத்து மொத்தமாக நிறுத்து, பத்தால் வகுத்து, பையின் எடையைத் தனியாகக் கழித்துக்கொள்ளுங்கள். 30 எடையையும் வந்த வரிசையிலேயே நோட்டில் எழுதுங்கள். வரிசை முக்கியம். எடை மெல்ல இறங்குகிறதா, ஒன்று விட்டு ஒன்று ஆடுகிறதா, ஆறாவது பை மட்டும் குறைகிறதா என்பதை வரிசைதான் காட்டும். கலைத்துப் போட்ட 30 எண்கள் சராசரியைத் தரும், காரணத்தைத் தராது.

பிறகு ஐந்தைந்தாகப் பிரியுங்கள், ஆறு கூட்டம் வரும். ஒவ்வொரு கூட்டத்திலும் பெரிய எடையிலிருந்து சின்ன எடையைக் கழியுங்கள். அந்த ஆறு வித்தியாசங்களின் சராசரியை 2.33 ஆல் வகுத்தால் உங்கள் மிஷினின் இயல்பான சிதறல் கிராமில் கிடைக்கும். வித்தியாசத்தின் சராசரி 9 கிராம் என்றால் சிதறல் ஏறக்குறைய 4 கிராம். அதை மூன்றால் பெருக்கினால் 12. குறிவைத்த எடையிலிருந்து இவ்வளவு தூரம் வரை பைகள் இயல்பாகவே ஏறி இறங்கும். 503 கிராமுக்குக் குறிவைத்தால் மிகக் குறைந்த பையும் 491 அளவில் நிற்கும். நிம்மதி.

சிதறல் 9 கிராம் இருந்தால் கதை வேறு. 27 கிராம் வரை ஆடும். எந்தப் பையும் 485க்குக் கீழே போகக் கூடாது என்றால் 512க்குக் குறிவைக்க வேண்டும். ஆயிரம் பைக்கு 12 கிலோ மாவு சும்மா போகிறது. சிதறலைக் குறைப்பதில்தான் காசு இருக்கிறது. குறியை உயர்த்துவது அன்றைய தினத்தை ஓட்ட மட்டும் உதவும்.

எடை மிஷினே பொய் சொல்கிறதா

பாதிக் கோளாறு இங்கேயே முடிந்துவிடும். முத்திரையிட்ட 500 கிராம் படிக்கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். ஐந்து இடத்திலும் ஒரே எண் வர வேண்டும். மூலைக்கு மூலை மாறினால் தட்டுக்கு அடியில் மாவு சேர்ந்து அழுத்துகிறது, அல்லது மிஷின் நீர்மட்டத்தில் இல்லை. காலில் உள்ள திருகைத் திருப்பிக் குமிழியை வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். காலையில் சுவிட்ச் போட்டதும் நிறுக்க ஆரம்பிக்காதீர்கள். கால் மணி நேரம் சூடேறட்டும், அதன் பிறகு பூஜ்யம் வையுங்கள்.

எண் நிற்காமல் இரண்டு மூன்று கிராம் ஆடிக்கொண்டே இருந்தால் மேலே மின்விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே மேஜையில் பையின் வாயை ஒட்டும் சீலிங் மிஷின் இருக்கும். எடை மிஷினுக்குத் தனி மேஜை, முடிந்தால் சுவரோரம் கல்மேடை. மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை புதுப்பிக்க வேண்டும். தேதியை மிஷின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

காலையில் முதல் பத்துப் பை சரியில்லை, பிறகு தானாகச் சரியாகிறது

ராத்திரி முழுக்க ஹாப்பரில், அதாவது மிஷினின் மேலே மாவு கொட்டும் தொட்டியில், விட்ட மாவு அமுங்கியிருக்கும். முதல் பைகள் கனமாக வரும். மாறாக, காலையில் அரைத்து உடனே கொட்டிய மாவு என்றால் லேசாக வரும்.

இதில் இரண்டாவதுதான் பெரிய தொல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். பல்வரைசரிலிருந்து (மாவு அரைக்கும் மிஷின்) வரும் மாவு சூடாக இருக்கும், காற்றையும் நிறைய பிடித்திருக்கும். அடுத்த சில மணி நேரத்தில் காற்று வெளியேறி மாவு தானாக இறங்கும். அந்த நேரத்தில் பேக் செய்தால் கப்பின் அளவை எத்தனை முறை சரிசெய்தாலும் அது பின்னாலேயே ஓடுவதாகத்தான் இருக்கும். பத்து மணிக்குச் சரிசெய்த கப் பன்னிரண்டு மணிக்கு 15 கிராம் அதிகம் போடும். எடையைத் தாண்டியும் கெடுதல் உண்டு. சூடான மாவைப் பையில் அடைத்தால் உள்ளே வியர்த்து, பையின் உட்புறம் ஈரம் படிந்து, அங்கே கட்டி பிடிக்கும். பிறகு பூஞ்சை வரும். அரைத்த மாவைச் சுத்தமான தார்ப்பாயில் இரண்டு விரல்கட்டைக்கு மேல் உயரம் போகாமல் பரப்பி ஆறவிடுங்கள். முந்தின நாள் அரைத்து மறுநாள் பேக் செய்வதே எல்லாவற்றிலும் நல்லது.

ஹாப்பரை ராத்திரி காலி செய்துவிடுங்கள். காலையில் முதல் 10, 15 கப்பைப் பையில் பிடிக்காமல் பாத்திரத்தில் பிடித்துத் திரும்ப ஹாப்பரில் கொட்டுங்கள். அதற்கப்புறம் 5 பை நிறுத்துச் சராசரி பார்த்து வேலையை ஆரம்பிக்கலாம்.

எடை மெல்ல இறங்கி, மாவு கொட்டியதும் துள்ளி ஏறுகிறது

நோட்டில் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி தெரியும். 506, 504, 503, 499, 496, மாவு கொட்டியதும் 509. ஹாப்பரில் மாவு உயரமாக இருந்தால் மேலே உள்ள மாவு கீழே உள்ளதை அழுத்தும். குறையக் குறைய அழுத்தம் தளரும். கப்புக்கு அதில் எந்தத் தப்பும் இல்லை.

ஹாப்பரின் உள்பக்கச் சுவரில் பாதி உயரத்தில் ஒரு கோடு, மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் ஒரு கோடு பெயின்டால் போடுங்கள். மாவு எப்போதும் இந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கட்டும். ஒரு முழு மூட்டையைச் சாய்ப்பதைவிட ஐந்து கிலோ பிடிக்கும் பாத்திரத்தில் அடிக்கடி கொட்டுவது மேல். கொட்டும்போது தூக்கி எறியாமல் ஓரமாகச் சரியவிடுங்கள். ஹாப்பருக்குள் கீழ்வாய்க்கு மேலே கூம்பு வடிவத் தடுப்பு ஒன்றை லேத் பட்டறையில் செய்து பொருத்தினால் மேல் பாரம் நேராகக் கப்பில் இறங்காது. எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) தகட்டில் செய்யச் சொல்லுங்கள்; தகரம் வேண்டாம்.

ஆறு கப் மிஷினில் ஆறுக்கு ஒன்று மட்டும் தவறுகிறது

கப்புகளுக்கு மார்க்கரால் 1 முதல் 6 வரை எண் போட்டு மறுபடி 30 பை எடுங்கள். ஒரே கப் ஐந்து சுற்றிலும் குறைத்துப் போட்டால் உள்ளே மாவு காரை பிடித்திருக்கிறது. கூடப் போட்டால் ஒன்றுக்குள் ஒன்று செருகிய மேல் கப்பும் கீழ்க் கப்பும் சேரும் இடத்தில் தளர்ந்து, அந்தக் கப் மட்டும் கீழே இறங்கி நிற்கிறது. காய்ந்த பிரஷ்ஷால் காரையைத் தட்டி எடுங்கள். கழுவினால் முழுக்கக் காயவைத்துத்தான் திரும்பப் பொருத்த வேண்டும். ஈரக் கப்பில் மாவு பட்டால் அரைமணியில் பசை மாதிரி ஆகிவிடும். வேர்க்கடலை, முந்திரி சேர்த்த சத்துமாவில் எண்ணெய் இருப்பதால் காரை சீக்கிரம் பிடிக்கும்; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

தட்டுக்குக் கீழே மெல்லிய மாவு குவிந்துகொண்டே இருக்கிறதா? இரண்டு தட்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது. தேய்ந்த தட்டை மாற்றுவதுதான் வழி.

ஒழுங்கே இல்லாமல் சிதறுகிறது

இதுதான் மிகக் கடினமானது. காரணம் ஒன்றாக இருக்காது. இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் மாவு பாலம் கட்டுகிறதா என்று ஹாப்பருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே மாவு தேங்கி, கீழே குகை மாதிரி வெறுமையாக இருந்தால் பாலம். நடுவில் மட்டும் கிணறு போலக் குழி விழுந்து சுற்றிலும் மாவு ஒட்டி நின்றால் அதுவும் அதே வகைக் கோளாறு. பாலம் நிற்கும்போது கப் பாதிதான் நிறையும். இடிந்து விழும்போது அடைத்துக்கொண்டு நிறையும். பக்கவாட்டில் கையால் தட்டினால் அப்போதைக்குச் சரியாகும், ஆனால் ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு விதமாக அமுக்கும். கலக்கும் கரண்டி கீழ்வாய் வரை எட்டுகிறதா, அதன் திருகு தளர்ந்து வெறுமனே சுற்றுகிறதா என்று பாருங்கள். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: மிஷின் ஓடும்போது ஹாப்பருக்குள் கையோ கரண்டியோ விடக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்து, அதன் அருகில் ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே கை போக வேண்டும். கலக்கிக்கு விரலும் மாவும் ஒன்றுதான்.

அடுத்து மாவின் ஓட்டத்தைச் சோதியுங்கள். இதற்கு ஒரு லிட்டர் அளவுக்கோடு போட்ட நேர்ச்சுவர் ஜாடி போதும். சல்லடை வழியாக மாவைத் தளர்வாக 1000 மில்லி கோடு வரை விழவிடுங்கள், ஜாடியை ஆட்டாதீர்கள். பிறகு மடித்த துணியின் மேல் ஜாடியை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருங்கள். மட்டம் இறங்குவது நிற்கும் வரை தட்டிவிட்டு அளவைப் படியுங்கள். 1000 மில்லி 850க்கு இறங்கினால் 15 சதவீதம் அமுங்குகிறது; நல்ல மாவு, கப்பே போதும். 780க்கு இறங்கினால் 22 சதவீதம். கப்பில் சமாளிக்கலாம், கவனம் வேண்டும். 750க்கும் கீழே போனால் கப் மிஷினை நம்பி 500 கிராம் போட முடியாது. ஆகருக்கு மாறுங்கள், அல்லது கப்பால் 480 வரை போட்டு மீதியை எடை பார்த்துக் கையால் நிரப்புங்கள். முழு ராகித் தானியத்தையே பேக் செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. உருண்டையான தானியம் தண்ணீர் மாதிரி ஓடும், கப்பில் ஒரே சீராக விழும். ஒரே மிஷின் தானியத்தில் ஒழுங்காக ஓடி மாவில் சொதப்புகிறது என்றால் மிஷின் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

கொள்ளளவால் தூளை அளக்கும் எந்தத் தொழிலுக்கும் இது பொது. துப்பாக்கித் தோட்டாவை மறுபடி நிரப்பிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் அதற்கான வெடிமருந்தையும் இப்படி ஒரு உருளைக் குழியில்தான் அளக்கிறார்கள். உருண்டைக் குருணை மருந்து ஒழுங்காக விழுகிறது. பெரிய செதிலும் குச்சியும் வாயில் சிக்கி ஏறுக்குமாறாக விழுகின்றன. அங்கே பிசகினால் கைக்கே ஆபத்து என்பதால் இடையிடையே எடைபோட்டுப் பார்ப்பதை யாரும் விடுவதில்லை. மாவுக்கும் அந்த ஒழுக்கம் வேண்டும்.

மூன்றாவது, மூட்டை. அட்டியின் அடியில் இருந்த மூட்டை மேல் மூட்டையைவிட அமுங்கியிருக்கும், கட்டியும் இருக்கும். எல்லா மாவையும் ஹாப்பருக்குப் போகும் முன் ஒரே சல்லடையில் ஒருமுறை சலித்துவிடுங்கள். கட்டி உடைவதோடு, எந்த மூட்டையானாலும் மாவு ஒரே தளர்வுக்கு வந்துவிடும். செலவே இல்லாத வைத்தியம் இது. சிதறலைப் பாதியாகக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் இதைத்தான் செய்து பார்க்கச் சொல்வோம்.

கடைசியாக, கப்பின் வாயை வழிக்கும் பிரஷ். முடி வளைந்து தேய்ந்திருந்தால் மட்டமாக வழிக்காமல் நடுவில் குழி தோண்டும். கப்பின் மேல் ஒரு நேரான எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தால் குழி கண்ணுக்கே தெரியும்.

ஆள் மாறினால் எடை மாறுகிறது

கையால் அள்ளும் இடங்களில் மட்டும் வரும் கோளாறு. ஒருவர் கப்பை மாவுக் குவியலில் குத்தி அள்ளுவார், இன்னொருவர் பக்கத்தில் சாய்த்து வாருவார், மூன்றாமவர் அள்ளியபின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவார். மூன்று பேருக்கும் மூன்று எடை. யார் அள்ளுவது சரி என்று சண்டை வேண்டாம், ஒரே முறையைப் பிடியுங்கள். கப்பைக் கீழே வையுங்கள். இன்னொரு பாத்திரத்தால் மாவை மேலிருந்து கூம்பாக வழியும் வரை ஊற்றுங்கள். நேரான தகட்டால் ஒரே இழுப்பில் வழியுங்கள். தட்டக் கூடாது, அமுக்கக் கூடாது, குலுக்கக் கூடாது. இப்படிச் செய்தபின் ஆளுக்கு 10 கப் நிறுத்துப் பாருங்கள். சராசரிகள் மூன்று நான்கு கிராமுக்குள் நெருங்கினால் போதும்.

மில் ஓடும்போது ஒரு எடை, நின்றால் வேறு எடை

அதிர்வு. பல்வரைசர் நிற்கும் அதே சிமெண்ட் தரையில் பேக்கிங் மிஷினும் நின்றால் மாவு அதிர்ந்து அமுங்கும். எடை கூடும். கரண்ட் போய் மில் நின்றதும் குறையும். பேக்கிங்கை வேறு அறைக்கு மாற்றுங்கள். இடமில்லையென்றால் அரைக்கும் நேரம் வேறு, அடைக்கும் நேரம் வேறு என்று பிரித்துவிடுங்கள். கனமான ரப்பர் பாதம் ஓரளவுதான் உதவும்.

புது லோடு வந்ததிலிருந்து எல்லாப் பையும் ஒரே அளவில் குறைகிறது

சிதறல் பழையபடியே இருந்து சராசரி மட்டும் நகர்ந்தால் மாவு மாறியிருக்கிறது. பையூர் 2 என்ற ராகி ரகம் வாங்கிய இடத்தில் வேறு ரகம் வந்திருக்கலாம். கல்லின் தேய்மானத்தால் அரைப்பு கரகரப்பாகியிருக்கலாம். சல்லடைக் கண் மாறியிருக்கலாம். முளைகட்டி வறுத்த ராகி மாவு பச்சை ராகி மாவின் அடர்த்தியில் நிற்காது, அதனால் இரண்டுக்கும் ஒரே கப் அளவு பொருந்தாது. சத்துமாவில் பொட்டுக்கடலையைக் கொஞ்சம் கூட்டினாலும் நகரும்.

ஒவ்வொரு பேட்ச் ஆரம்பத்திலும் மேலே சொன்ன ஜாடியில் ஒரு லிட்டர் தளர்வாக நிரப்பி நிறுத்து எழுதிவையுங்கள். நேற்று 640, இன்று 615 என்றால் கப்பை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பது மிஷினை ஓட்டாமலே தெரிந்துவிடும்: 500ஐ 0.615 ஆல் வகுத்தால் 813 மில்லி.

கப்பின் உயரத்தை மாற்றும் திருகில் எப்போதும் ஒரு சின்ன ஆட்டம் இருக்கும். அதனால் கடைசித் திருப்பு எப்போதும் ஒரே பக்கமாக முடியட்டும். குறைக்க வேண்டுமானால் தேவைக்கு மேல் கொஞ்சம் குறைத்து, பிறகு ஏற்றி நிறுத்துங்கள். பூட்டு நட்டை இறுக்கிய பிறகு மறுபடி ஐந்து பை நிறுக்க வேண்டும். இறுக்கும்போதே அளவு நகர்வது உண்டு.

இன்னொன்று. ஒரு பை 494 வந்ததும் திருகை ஏற்றுவது, அடுத்தது 507 வந்ததும் இறக்குவது என்று ஓயாமல் திருகுபவர்கள் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் இயல்பான சிதறலைத் துரத்தினால் சிதறல் கூடும். ஐந்து பையின் சராசரி குறியிலிருந்து மூன்று நான்கு கிராம் விலகினால் மட்டும் தொடுங்கள். தொட்ட நேரத்தை நோட்டில் குறியுங்கள்.

மழைக்காலத்திலும் ஓசூர் பக்கத்துப் பனிக்காலையிலும் பிசகுகிறது

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப் பகுதி. காலை ஈரம் அதிகம். மாவு காற்றிலிருந்து ஈரம் இழுத்து ஒன்றோடொன்று ஒட்டும், பாலம் கட்டும். ராகியை 12 சதவீத ஈரத்துக்குக் கீழே காயவைத்து அரைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மூட்டையைப் பிரித்தால் அன்றைக்கே முடித்துவிடுங்கள். ஹாப்பருக்கு மூடி போடுங்கள். வெயில் ஏறியபின் பத்து மணிக்கு மேல் பேக்கிங்கை ஆரம்பிப்பதும் ஒரு நல்ல வழக்கம்.

அரூர், பென்னாகரம் பக்கத்துக் கோடையில் இதற்கு நேர்மாறு. காற்று வறண்டு, மாவு பிளாஸ்டிக் பையின் வாயிலும் புனலிலும் நிலைமின்சாரத்தால் பற்றிக்கொள்ளும். பையில் விழ வேண்டிய இரண்டு மூன்று கிராம் புனலில் நின்றுவிட்டு, திடீரென்று ஒரு பையில் மொத்தமாக விழும். வாயில் ஒட்டிய மாவின் மேல் சீல் போட்டால் சீல் பிடிக்காது. பிளாஸ்டிக் புனலை எடுத்துவிட்டு எஸ்எஸ் புனல் போட்டு, மிஷின் உடலோடு சேர்த்து நல்ல எர்த் கொடுங்கள். எர்த் எடைக்காக மட்டுமல்ல. காற்றில் பறக்கும் மாவுத்தூள் தீப்பொறி பட்டால் வெடித்துப் பற்றும். பேக்கிங் அறையில் அடுப்பு, ஊதுபத்தி, வெல்டிங் எதுவும் கூடாது. தூசியைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஆகர் மிஷின்: சாயங்காலம் எடை குறைகிறது

திருகு எவ்வளவு நேரம் சுற்ற வேண்டும் என்று டைமர் வைத்த மிஷினா, எத்தனை சுற்று என்று எண்ணும் மிஷினா என்று முதலில் பாருங்கள். டைமர் வகையில் மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், அதே நேரத்துக்குள் குறைவான சுற்று, குறைவான மாவு. மாலையில் ஊரே விளக்கும் மோட்டாரும் போடும்போது எடை இறங்குவது இதனால்தான். ஸ்டெபிலைசர் உதவும். சுற்றை எண்ணும் சென்சார் பொருத்துவது அதைவிட நிச்சயமான தீர்வு. பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் இதே அறிகுறி வரும், ஆனால் அது காலையிலும் வரும்.

சுற்றுக் கணக்கு எளிது. 10 சுற்று விட்டு நிறுங்கள். 62 கிராம் வந்தால் சுற்றுக்கு 6.2, 500 கிராமுக்கு 80.6 சுற்று. முதல் சில சுற்றில் திருகு முழுதாக நிறைந்திருக்காது என்பதால் மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். சென்சார் அரைச் சுற்று வரைதான் எண்ணும் என்றால் அதற்குள் 3 கிராம் ஒளிந்திருக்கிறது. அதற்கு மேல் துல்லியம் கேட்டால் புரிகளுக்கு இடைவெளி குறைந்த சின்னத் திருகு மாட்ட வேண்டும். 50 கிராம் பைக்கும் ஒரு கிலோ பைக்கும் ஒரே திருகை வைத்துக்கொண்டு சின்னப் பையில் எடை நிற்கவில்லை என்று வருந்துவது பல இடங்களில் நடக்கிறது.

நின்றபின்னும் மாவு சொட்டினால் பிரேக் தேய்ந்திருக்கிறது, அல்லது மாவு மிகவும் பொங்கியிருக்கிறது. புனலின் உட்சுவரில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் திருகு வளைந்து உரசுகிறது. உடனே நிறுத்துங்கள். உலோகத் துகள் மாவில் போகும்.

எங்களிடம் சரியாக இருந்த பை கடையில் குறைகிறது

சீலில் ஊசித் துளை இருக்கிறதா என்று பையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. ஓட்டை இல்லையென்றால் ஈரம் போயிருக்கிறது. 12 சதவீத ஈரத்தில் அடைத்த 500 கிராம் மாவில் காய்ந்த பொருள் 440 கிராம். கடையின் வறண்ட காற்றில் அது 10 சதவீதத்துக்கு இறங்கினால் பை 489 கிராம்தான் காட்டும். 11 கிராம் காணாமல் போனது கப்பிலிருந்து அல்ல. துணிப்பையிலும் உள்பூச்சு இல்லாத காகிதப் பையிலும் போடுபவர்கள் உள்ளே ஒரு பாலித்தீன் உறை வையுங்கள். முடியாது என்றால் ஒரு பேட்ச்சிலிருந்து 5 பையைத் தனியே எடுத்து, கடையில் இருக்கும் அதே சூழலில் ஒரு மாதம் வைத்து வாரம் ஒருமுறை நிறுங்கள். எத்தனை கிராம் இறங்குகிறதோ அதைக் குறி எடையோடு சேர்த்துப் போடுங்கள்.